மத்தாப்புப் பெட்டியில் மகள் முகம்

1

ரயிலில் மடிக்கணினியைத் திறந்துவிட்டால் எனக்கு உலகமே மறந்துவிடும் என்று ஜெயா சொல்வாள். உலகம் மறப்பதில்லை, இறங்க வேண்டிய நிலையம்தான் மறந்துபோகும். எத்தனையோ காலைகளில் அடுத்த ஊரில் இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்காகக் குளிரில் நின்றிருக்கிறேன். நிற்கும்போதும் கை சும்மா இருக்காது. கைப்பேசியில் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும்.

ஜெர்மனிக்கு வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. பகலில் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன், அது சோற்றுக்கு. மிச்ச நேரமெல்லாம் தமிழில் நான் நடத்தும் தொழில்நுட்ப வலைப்பதிவுக்கு. எந்தக் கைப்பேசி வாங்கலாம், எந்தச் செயலி நம்மை வேவு பார்க்கிறது, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வருகிற அழைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் எழுதுவேன். படிப்பவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துக்காரர்கள். சாத்தூரில் என்னோடு படித்த ஒருவன், நீளமான பதிவு ஒன்று வந்த கையோடு, "இதெல்லாம் சரிலே, எந்த போன் வாங்க, ஒரே வார்த்தைல சொல்லு" என்று எழுதிக் கேட்பான்.

இது போதாதென்று சொந்த முயற்சிகள் வேறு. சாத்தூர் பேருந்து நிலையத்துக்கு எந்தப் பேருந்து எப்போது வரும் என்று சொல்லும் செயலி பாதியில் நிற்கிறது, பேருந்துகள் ஒத்துழைக்கவில்லை. பேசினால் எழுத்தாக்கும் கருவி ஒன்றும் பாதியில் நிற்கிறது. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு அது மிரண்டுவிட்டது. இவற்றுக்கு மேல் மாநாடுகள். ஒரு வாரக் கடைசியில் பெர்லின், இன்னொன்றில் பிராக். கதவுக்குப் பின்னால் தொங்கும் மாநாட்டு அட்டைகளின் கயிறுகளைப் பார்த்து, "மாடு வாங்கப் போறவுக வீடு மாதிரி இருக்கு" என்பாள் ஜெயா. என் மனைவி தாயில்பட்டிக்காரி. வாய் அப்படித்தான் இருக்கும்.

இத்தனை ஆட்டத்துக்கும் ஆகும் செலவை வலைப்பதிவில் வரும் விளம்பரம்தான் தாங்குகிறது. மக்களை வேவு பார்க்கும் செயலிகளைப் பற்றி நான் எழுதும் பதிவின் ஓரத்தில், படிப்பவரை வேவு பார்த்தே ஒரு விளம்பரம் வந்து உட்காரும். வாசகர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவேன்.

2

ஆவணி மாதம். வழக்கமான ரயில், வழக்கமான ஜன்னலோர இருக்கை. என் பக்கத்தில் வரும் விளம்பரங்கள் நம் ஊரில் எப்படித் தெரிகின்றன என்று அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். இங்கிருந்து திறந்தால் ஜெர்மன் விளம்பரம்தான் வரும். அதனால் இணைப்பை இந்தியாவிலிருந்து பார்ப்பதுபோல மாற்றிக்கொண்டு திறந்தேன்.

தீபாவளி சீசன் தொடங்கியிருந்தது. பட்டுச் சேலை வந்தது, நகைச்சீட்டு வந்தது. பெரிய விளம்பர நிறுவனங்கள் பட்டாசுப் பக்கம் போவதில்லை. ஆனால் நான் சின்ன நிறுவனம் ஒன்றுக்கும் ஓர் ஓரத்தில் இடம் விட்டிருந்தேன். அந்த ஓரத்தில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி மெதுவாகச் சுழன்று வந்து நின்றது. அதன் மேல் என் மகள் இருந்தாள்.

முதலில் ஏதோ சாயல் என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். சாயல் இல்லை, அவளேதான். போன வருடப் பொங்கலன்று ஜெயா எடுத்துத் தன் அண்ணனுக்கு மட்டும் அனுப்பிய படம்.

எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கோபம் வரவில்லை, பயம் வரவில்லை. திரையை அப்படியே படம் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு மாநாட்டில் பேச வேண்டியிருந்தது. குழந்தைகளின் முகங்கள் விளம்பர வலைகளில் எப்படிச் சிக்குகின்றன என்பதுதான் என் தலைப்பே. இதைவிட நல்ல தொடக்கம் தேடினாலும் கிடைக்காது. அடுத்த நிலையம் வருவதற்குள் அந்தப் படம் என் பேச்சின் முதல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் இது அவள் கண்ணில் பட்டால் என்ற நினைப்பே வந்தது.

விளம்பரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஆபாசம், மோசடி, தொடர்பற்றது என்று மூன்றே மூன்று காரணங்கள்தான் இருந்தன. அதில் இருப்பது என் பிள்ளை என்று சொல்ல வழியில்லை. 'தொடர்பற்றது' என்பதைத் தொட்டேன். 'நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்றது. நான் இறங்க வேண்டிய நிலையம் எப்போதோ போயிருந்தது.

3

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. போன வருடம் வரைக்கும் யார் கைப்பேசியைத் தூக்கினாலும் முன்னால் வந்து நிற்கிறவள். பிறகு வகுப்பில் யாரோ அவள் படத்தை எடுத்து, அதில் என்னவோ எழுதி, கேலிப்படமாக்கி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள், மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் படத்துக்கு நிற்பதை நிறுத்திவிட்டாள்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. பள்ளி திறந்ததும், உங்கள் பிள்ளையின் படத்தை வகுப்புப் புகைப்படத்தில் போடலாமா, பள்ளி இணையதளத்தில் போடலாமா, உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டுத் தாள் வரும். இந்த முறை எல்லாக் கட்டத்திலும் அவளே 'வேண்டாம்' என்று குறியிட்டு, எங்கள் முன்னால் வைத்தாள். பேசாமல் கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். கேட்காமல் யாரும் அவளைப் படம் எடுக்கக் கூடாது.

கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும், அதுவும் ஒற்றைச் சொல்லில். அந்தச் சட்டத்தை நாங்கள் மீறவில்லை என்பதால்தான் இந்த வீட்டில் அவள் கதவு கொஞ்சமாவது திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த மத்தாப்புப் பெட்டி என்னை அப்படி ஆட்டிவைத்தது. இது அவளுக்குத் தெரிந்தால் அந்தக் கதவும் மூடிவிடும்.

இதே வருடத்தில்தான் அவள் பெரியவள் ஆனாள். செய்தி தாயில்பட்டிக்குப் போனதும் மச்சான் அழைத்துவிட்டார். ஜெயாவின் ஒரே அண்ணன் காளிராஜ். எப்போது வருகிறீர்கள், எப்போது சடங்கு வைக்கலாம் என்று கேட்டார். தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு பெண்பிள்ளைக்கு அங்கே எதுவும் நடக்காது. மகளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தோம். இதை ஊருக்கே சொல்லுவீர்களா என்று அவள் கேட்டபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, ஜெயா அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சரி தங்கச்சி என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார். அன்றைக்கு அது அவ்வளவோடு முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

4

மதிய இடைவேளையில் அலுவலகத்துக்கு வெளியே வந்து மச்சானை அழைத்தேன். அவர் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டி லேபிளிலிருந்து காதுகுத்து ஃப்ளெக்ஸ் வரைக்கும் எல்லாம் அவர் கையில்தான் உருவாகும். பின்னணியில் அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"மாப்ள! என்ன இந்நேரம்? சாப்பிட்டீகளா?"

"மச்சான், பாப்பா படத்தை மத்தாப்புப் பெட்டியில போட்டிருக்கீங்களா?"

இயந்திரச் சத்தத்தைத் தாண்டி ஒரு சிரிப்பு வந்தது. "அதுக்குள்ள பாத்துட்டீகளா? தீபாவளியன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். எப்படி இருக்கு? கலர் தூக்கலா வந்திருக்கா?"

"யாரைக் கேட்டுப் போட்டீங்க மச்சான்?"

"யாரைக் கேக்கணும்? எம் மருமக மொகம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. சட்டம் பேசினேன், அனுமதி பேசினேன், பள்ளிப் படிவம் வரைக்கும் பேசினேன். மாநாட்டில் பேச வைத்திருந்த பாதியை அவரிடமே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தம் குறைந்தது. வெளியே நடந்து வந்துவிட்டார் போலிருக்கிறது.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்லவா? இங்கன வெம்பக்கோட்டை வரைக்கும் எந்தப் பிள்ளைக்குச் சடங்குன்னாலும் ஃப்ளெக்ஸ் நாந்தேன் டிசைன் பண்றேன். வாரத்துக்கு ஒண்ணாவது வந்துரும். அம்புட்டுப் பிள்ளைக மொகத்தையும் எங்கையால ரோசாப்பூவுக்கு நடுவுல வச்சிருக்கேன். எம் மருமகளுக்கு ஒண்ணு வைக்க முடியல. சீரும் வேணாம்னுட்டீக. சரி, அங்கன உள்ள பழக்கம் வேற, விட்டுட்டேன். இந்தக் கம்பெனி மொதலாளி புது மத்தாப்புக்கு ஏதாச்சும் பிள்ளை படம் போடுங்கன்னாரு. அவுக பிள்ளைகளை எல்லாம் போட்டு முடிஞ்சுபோச்சு. நான் எம் பிள்ளைய வச்சேன். மாமன் சீருன்னு வச்சுக்கிடுங்க."

இதை நிறுத்த முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

"பாதி லோடு வடக்க போயிருச்சு மாப்ள. மீதி இருக்கு." பிறகு அவரே கேட்டார். "பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பச் சொல்லாதீக. யாரு போயி அவ கண்ணுல காட்டப் போறா?"

அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் என் பயமே.

5

வீட்டுக்கு வந்ததும் ஜெயாவிடம் சொன்னேன். முதலில் கையை வாயில் வைத்தாள். அப்புறம் கைப்பேசியை வாங்கிப் பெட்டியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அண்ணன் ஆசைப்பட்டுச் செஞ்சிருக்கு" என்றாள். அடுத்த நொடியே, "அறிவில்லையா அதுக்கு?" என்றாள். அடுப்பில் இருந்ததை மறந்து இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு சில நாட்கள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதிவு ஒன்றை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டேன். பேருந்துச் செயலியைத் திறந்து, அழகாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றையும் கெடுத்து வைத்தேன். காப்பி போட்டுவிட்டுக் குடிக்க மறந்தேன். மாநாட்டுப் பேச்சின் முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். முகத்தை மங்கலாக்கி வைத்தால் போதாதா என்று ஒரு மனது. மங்கலாக்கியும் பார்த்தேன். மங்கலாக இருந்தாலும் அவளேதான்.

நடப்பு இவ்வளவுதான். நான் கேட்காமல் வைத்திருந்தேன், மச்சானும் கேட்காமல் வைத்திருந்தார். அவராவது ஆசையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. கைப்பேசியில் பெட்டியைக் காட்டினேன். மகள் கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள். நான் மாமாவுக்காகப் பேச வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, இதையும் நீ ப்ளாக்ல எழுதப் போறியா?"

மாமா ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்பாள், அழுவாள், கத்துவாள் என்றுதான் தயாராக இருந்தேன். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. ஜெயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்ளாக்ல இல்ல" என்றேன். "மாநாட்டுப் பேச்சுல வச்சிருக்கேன்."

நான் எழுந்து போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, அந்தப் பக்கத்தை அழித்தேன். நகல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அதையும் அழித்தேன். தொழில்நுட்ப வலைப்பதிவர் மகள் இல்லையா, கைப்பேசியில் எடுத்த படம், குப்பைத்தொட்டி, மேகச் சேமிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அழிக்க வைத்தாள். கடைசியில், "மாமாகிட்ட நான் பேசணும்" என்றாள்.

காணொளி வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றாள். ஒலிபெருக்கியில் போட்டு மேசையின் நடுவில் வைத்தோம்.

"மருமகளே! என்னத்தா, மாமன் ஞாபகம் வந்துருச்சா?" மச்சானின் குரலில் பதற்றம் இருந்தது.

"மாமா, நீ ஏன் என்னைக் கேக்கல?"

'நீங்க'ன்னு சொல்லுடி என்று ஜெயா கிசுகிசுத்தாள். அந்தப் பக்கம் அது கேட்டுவிட்டது.

"விடு தங்கச்சி, அவ எப்படிப் பேசுனா என்ன?" என்றார் மச்சான். அங்கே தெருவில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி போகும் சத்தம் கேட்டது. "கேக்கல தாயி. கேக்கணும்னு தோணல. நம்ம பிள்ளைதானேன்னு வச்சுட்டேன்."

"எனக்குப் பிடிக்கல."

"சரி."

"எல்லாரும் பாப்பாங்க."

"ஆமா தாயி, பாப்பாக. பாக்கணும்னுதேன் வச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "இப்பக் கேக்குறேன். இருக்கட்டுமா, எடுத்துறவா?"

ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கே ஒரு நப்பாசை. அவர் ஆசைப்பட்டுச் செய்தது அப்படி.

"எடுத்துருங்க மாமா" என்றாள். 'ங்க' போட்டுத்தான் சொன்னாள்.

"எடுத்துறேன். மொதலாளிட்ட நான் பேசிக்கிடுதேன். கையில இருக்குற பெட்டி மேல வேற லேபிள ஒட்டிரலாம். ஆனா வடக்க போன லோடு போனதுதேன், மருமகளே. அத என்னால திருப்ப முடியாது. பொய் சொல்லக் கூடாதுல்ல."

மகள் யோசித்தாள். "அந்தப் பெட்டியெல்லாம் என்ன ஆகும்?"

"மத்தாப்பக் கொளுத்துவாக. பெட்டியத் தூக்கிப் போட்ருவாக."

"அப்ப சரி" என்றாள். இந்த வருடத்தில் அவள் சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

6

மாநாட்டுக்குப் போனேன். முதல் பக்கம் இல்லாமல் பேசினேன். பேச்சு சுமாராகத்தான் போனது. நல்ல உதாரணம் ஏதாவது உண்டா என்று முடிவில் ஒருவர் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தச் சின்ன விளம்பர நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த ஓரத்தை எடுத்துவிட்டேன். மற்ற விளம்பரங்கள் இருக்கின்றன. பெரிய திருத்தம் எதுவும் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ரயிலில் இன்னும் நிலையத்தைத் தவறவிடுகிறேன்.

மாநாடு முடிந்த சில நாட்களில் மகளின் கைப்பேசிக்கு மாமாவிடமிருந்து ஒரு படம் வந்தது. எனக்கு வரவில்லை, ஜெயாவுக்கும் வரவில்லை; நேராக அவளுக்கு. புது லேபிளின் டிசைன். இருட்டில் ஒரு பெண்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கையில் மத்தாப்பு. முகம் அந்தப் பக்கம் இருக்கிறது. முதுகில் ஒரு நீளமான பின்னல். கீழே மச்சான் தட்டியிருந்தார்:

'மருமகளே, இது வரஞ்சது. போட்டோ இல்ல. ஆனா பின்னல் உன்னோடதுதான், உன்னைய நெனச்சு வரஞ்சேன். இது இருக்கலாமா? வேணாம்னா கத்திரிச்சு பாப் கட்டிங் வச்சிருதேன்.'

அவள் படத்தை எங்களிடம் காட்டினாள். எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், பாதி தடுமாறி. தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் தமிழில் என்ன எழுதுவது என்று கேட்காமல் அவளே எழுதினாள். 'இருக்கட்டும் மாமா.'

இந்தக் குறிப்பை நம் ஊர்ப் பத்திரிகைக்காக எழுதலாமா என்று அவளிடம் கேட்க எனக்கு நெடுநாள் ஆனது. கேட்டேன். தன் பெயர் வரக் கூடாது, நாங்கள் இருக்கும் ஊரின் பெயர் வரக் கூடாது, அந்தப் பழைய படத்தில் தான் எப்படி இருந்தேன் என்று ஒரு சொல்கூட எழுதக் கூடாது என்றாள். எழுதி முடித்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வகுப்பில் நடந்ததில் பாதியை அடிக்கச் சொன்னாள், அடித்தேன்.

"சடங்கு பத்தி வருதே, அதையும் எடுத்துறவா?" என்று நானே கேட்டேன்.

நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அது இல்லன்னா மாமா ஏன் அப்படிச் செஞ்சாருன்னு யாருக்கும் புரியாதுப்பா. இருக்கட்டும்."